இடறிய கல்லால் எழுந்த மாளிகை

வீதியில் நடக்கும்போது காலிற் கல் இடறினால் நாம் என்ன செய்வோம்? 'ஆ' என்று ஒரு கணம் நின்று, கல்லையும் வீதியையும் அதைத் திருத்தாத சபையையும் சேர்த்துத் திட்டுவோம். சகுனம் பார்ப்பவராயின் வீடு திரும்பி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவோம். இடறிய கல்லைக் கையிலெடுத்து, மண்ணைத் துடைத்து, கைக்குட்டையிற் சுற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு செல்பவரை நாம் கண்டதில்லை. அவ்வாறு செய்த ஒரு மனிதரைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். உலகத்து விநோதங்களை இப்பகுதியில் வாரந்தோறும் எடுத்துரைத்து வரும் நாம் இவரை இதுவரை தொடாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது எம்மைப் பற்றிய காரணம், பின்னர் சொல்வோம்.

பிரான்சு தேசத்தின் தென்கிழக்கில் துரோம் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள ஓத்திரீவ் என்னும் சிறு கிராமத்தின் தபாற்காரர் பேர்டினன்ட் செவால். அயற் கிராமமொன்றில் 1836 ஆம் ஆண்டு ஏழை உழவர் குடியிற் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. பதின்மூன்று வயதிற் பாண் போறணையொன்றில் வேலை பழகச் சேர்ந்தார். 1867 இல் தபாற்பகுதியில் உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகம் என்றாற் கதிரையில் இருக்கும் உத்தியோகமன்று. தோளிற் பையுடன், மேடும் பள்ளமுமான கிராமப் பாதைகளில், நாளொன்றுக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் நடந்து கடிதங் கொடுத்து வரவேண்டும். வெயிலாயினும் பனியாயினும் அதில் மாற்றமில்லை.

நாள்தோறும் அதே பாதை, அதே மரங்கள், பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இப்படி நடக்கும் மனிதனின் மனம் சும்மா இருக்குமா? செவாலின் மனம் ஒரு மாளிகையைக் கட்டத் தொடங்கிற்று. குகைகள், கோபுரங்கள், சிலைகள், தோட்டங்கள் யாவும் கொண்ட மாளிகை அது. அவர் சுமந்து சென்ற பையிலே படப் பத்திரிகைகளும், பின்னாளிற் பட அஞ்சலட்டைகளும் இருந்தன. தூர தேசத்துக் கோயில்களும் மசூதிகளும் அரண்மனைகளும் அவற்றில் அச்சாகியிருந்தன. பிறர் பெயருக்கு வந்த படங்களைத் தாம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உரியவரிடம் கொடுத்தார் போலும். தபாற் கந்தோர் விதிப்படி அது குற்றமா அன்றா என்பதை அப்பகுதி உத்தியோகத்தர்களுக்கே விட்டுவிடுகிறோம். தமது கனவை அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னாற் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கனவும் மங்கி, ஏறக்குறைய மறந்தே போயிற்று.

1879 ஆம் ஆண்டு சித்திரை மாதம், அவருக்கு நாற்பத்து மூன்று வயதாகும்போதுதான் அந்தக் கல் காலில் இடறியது. விழத் தெரிந்தவர் சமாளித்து நின்று, தம்மை இடறியது எதுவெனக் குனிந்து பார்த்தார். விசித்திரமான வடிவமுள்ள ஒரு கல். நீர் அரித்து, காலம் தேய்த்து, சிற்பி எவனோ செதுக்கியதுபோற் கிடந்தது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அதே இடத்துக்குப் போனார். அதைவிட அழகிய கற்கள் பல கிடந்தன. சிற்ப வேலையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது, கொத்து வேலையை நாம் பார்த்துக்கொள்வோம் என்ற கருத்துப்படத் தாம் அன்று தீர்மானித்ததைச் செவாலே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கொத்து வேலை அவருக்குத் தெரியாது என்பதையும் நாம் இங்கே சொல்லிவிட வேண்டும். சாந்து குழைத்து அறியாதவர். சுவரொன்று வைத்து அறியாதவர்.

முதலிற் சட்டைப்பையிற் கல் சேர்ந்தது. பைகள் கிழிந்தன, தைத்துத் தைத்து மனைவி அலுத்துப்போனாள் என்பர். பின்னர் கூடை வந்தது. கூடையும் போதாமற்போகவே ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியொன்று வந்தது. பகலிற் கடிதங் கொடுக்கப் போகும்போது நல்ல கற்களைத் தெரிந்து வழியோரத்திற் குவித்து வைப்பார். வேலை முடிந்து வீடு வந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே வழியில் மறுபடியும் நடப்பார். இரவில் எண்ணெய் விளக்கின் ஒளியிலே, தமது தோட்டத்திற் கல்லின்மேற் கல் வைத்துச் சுண்ணாம்பும் சீமெந்தும் இட்டுக் கட்டுவார். விடிந்ததும் மீண்டும் தபாற்பை.

ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். நல்ல உத்தியோகம், மனைவி, பிள்ளை யாவும் இருக்க, தோட்டத்திற் காய்கறி நடாமற் கல்லை நட்டுக்கொண்டிருப்பவனை எந்த ஊரும் ஒரே சொல்லால்தான் அழைக்கும். 'விசரன்' என்றார்கள். விசர் என்றாலும் ஆளுக்கோ ஊருக்கோ தீங்கில்லாத விசர் என்று சமாதானப்பட்டும் கொண்டார்கள். கடிதம் ஒன்றேனும் தவறவில்லை அல்லவா?

அவர் முதலிற் கட்டியது மாளிகையன்று, ஒரு நீர்த்தொட்டி. அதிலிருந்து ஓர் அருவி. அருவிக்குப் பக்கத்தில் ஒரு குகை. ஒன்று மற்றொன்றைப் பெற்றதே தவிர, காகிதத்தில் வரைந்த படம் ஒன்றைப் பார்த்துக் கட்டப்பட்டதன்று. கிழக்கு முகப்பொன்றுக்கே இருபது ஆண்டு பிடித்தது. இன்று அதன் நீளம் 26 மீற்றர். உயரம் இடத்துக்கிடம் பத்து மீற்றருக்கும் மேல். அம்முகப்பிலே மூன்று பூதாகாரமான மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருவர் சீசர், ஒருவர் ஆர்க்கிமிடீஸ், மற்றவர் சீசரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற கோல் நாட்டுத் தலைவர் வெர்சின்ஜெற்றோரிக்ஸ். வென்றவரையும் தோற்றவரையும், உரோமப் போர்வீரன் ஒருவன் வாளால் மடிந்த அறிஞரையும் ஒரே வரிசையிற் காவல் நிறுத்தினார் இந்தத் தபாற்காரர். சரித்திரம் படிப்பிக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு இவ்வளவு துணிவு வராது.

மேற்கு முகப்போ ஓர் உலகச் சுற்றுலா. மசூதியொன்று, சுவிற்சர்லாந்து மலைவீடு, அமெரிக்க சனாதிபதியின் வெள்ளை மாளிகை, அல்ஜியேர்ஸ் நகரத்துச் சதுர மாளிகை, மத்திய காலக் கோட்டையொன்று ஆகியவற்றோடு ஓர் இந்துக் கோயிலும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அந்தக் கோயில் எமது ஆகம விதிக்கு அமைந்ததன்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை. படத்தை முதன்முதற் பார்த்தபோது எமக்கே சிரிப்பு வந்தது. ஆனால், தம் மாவட்டத்தைத் தாண்டி அதிகம் போயிராத, கோயில் என்பதை ஒரு படத்திலன்றிக் கண்டிராத மனிதர் அதைத் தம் தோட்டத்தில் வைக்க விரும்பினாரே என்று எண்ணியபோது சிரிப்பு நின்றுவிட்டது. மசூதியும் கோயிலும் ஒரே சுவரிற் சாய்ந்து நிற்பதும் அங்கேதான்.

செவாலின் வாழ்விற் துன்பங்களுக்குக் குறைவில்லை. முதல் மனைவி 1873 இல் இறந்தாள். இரண்டாம் மனைவியிடம் பிறந்த அருமை மகள் அலீஸ் 1894 இற் பதினைந்தாவது வயதில் மறைந்தாள். அவள் பிறந்த ஆண்டுதான் கல் இடறிய ஆண்டு. மாளிகையும் மகளும் ஒன்றாகவே வளர்ந்தனர் எனலாம். ஒன்று நிற்க மற்றது போயிற்று. அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. 1896 இல் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறினார். அதன்பின் பகலும் கட்டுவதற்கே ஆயிற்று. 1912 ஆம் ஆண்டு, எழுபத்தாறு வயதில், வேலை முடிந்தது என்று கரண்டியைக் கீழே வைத்தார்.

தமது உழைப்பின் கணக்கை அவர் சுவரிலே பொறித்திருக்கிறார்: 33 ஆண்டு, 10 ஆயிரம் நாள், 93 ஆயிரம் மணித்தியாலம். மாணவ நண்பர்கள் பென்சிலை எடுத்து வகுத்துப் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய முந்நூறு நாள். நாளுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல். முப்பது கிலோமீற்றர் நடந்த கால்களோடு அதன்மேல் ஒன்பது மணித்தியாலமா? கணக்கிற் சற்று மிகை இருக்கலாம் என்றே நாம் எண்ணுகிறோம். பரீட்சை வினாத்தாளாயின் ஒரு புள்ளி குறைப்போம். ஆனால் முப்பத்து மூன்று ஆண்டு என்பதில் ஐயமில்லை. தமக்குத் துணை நின்ற தள்ளுவண்டியை அவர் மறக்கவில்லை. மாளிகையின் ஒரு மாடத்திலே, விக்கிரகத்தை வைப்பதுபோல், அதனை வைத்தார். இடறிய அந்த முதற் கல்லும் அங்கேயே இருக்கிறது.

தாம் கட்டிய மாளிகையிலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சட்டம் இடங்கொடுக்கவில்லை. சுடலையிலன்றி வேறெங்கும் புதைக்கக் கூடாது என்றார்கள். கிழவர் வாதாடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர்ச் சுடலைக்குப் போனார். எழுபத்தெட்டு வயதிற் தொடங்கி எட்டு ஆண்டுகள் உழைத்து, 1922 இல் அங்கே தமக்கென ஒரு கல்லறையைக் கட்டி முடித்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1924 ஆவணியில், எண்பத்தெட்டு வயதில், அதிற் போய்ப் படுத்துக்கொண்டார்.

இனி உலகத்தின் தீர்ப்புக்கு வருவோம். கவிஞர் அந்திரே பிரெத்தோனும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் இம்மாளிகையைக் கண்டு வியந்தனர். 1937 இல் பிக்காசோவும் வந்து பார்த்துப் போனார். அதிகார பீடங்கள் மட்டும் முகஞ் சுளித்தன. கலாசார அமைச்சின் அறிக்கையொன்று 1964 இல், இது முழுவதும் விகாரம் என்றும், பட்டிக்காட்டான் ஒருவனின் மூளையிற் குழம்பிக் கிடந்த பைத்தியக் கற்பனைகளின் குவியல் என்றும் தீர்த்தது. ஆயினும் அமைச்சர் அந்திரே மல்ரோ தம் அதிகாரிகளின் சொல்லை ஏற்கவில்லை. 1969 இல் இம்மாளிகை தேசத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் ஒன்றாயிற்று. 1984 இற் பிரான்சிய தபாற்பகுதி இதன் படத்தை முத்திரையாக வெளியிட்டது. தாம் சுமந்த கடிதங்களின் மூலையில், தாம் சுமந்த கற்கள் ஒட்டப்படும் என்று செவால் எண்ணியிருக்க மாட்டார்.

இப்போது எமது காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. எட்டாம் வகுப்பு எமது பொறுப்பில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பைத் துப்புரவு செய்வித்தபோது பின்வரிசை மாணவன் ஒருவனது மேசைக்குள் மூன்று தகரப் பேணிகள் அகப்பட்டன. ஒன்றில் உடைந்த வளையல் துண்டுகள், ஒன்றிற் போத்தற் சில்லுகள், பச்சையும் நீலமுமாக, விளிம்பு குத்தாதபடி கல்லில் உரஞ்சி மழுக்கப்பட்டவை, மூன்றாவதிற் பீங்கானோடுகள். அவனோ படிப்பிற் சுமாரானவன். அந்தத் தவணை கணிதத்தில் அவன் பெற்ற புள்ளியை இங்கே எழுத விரும்பவில்லை. 'இந்தக் குப்பையைச் சேர்க்கிற நேரத்துக்கு வாய்ப்பாட்டைப் பாடமாக்கலாமே' என்று வகுப்புச் சிரிக்கச் சொன்னோம். கிணற்றடிக் குழியிற் கொட்டிவிட்டு வரும்படி பணித்தோம். அவன் மூன்று பேணிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். வெறும் பேணிகளோடு திரும்பி வந்தான். ஒரு சொல்லும் பேசவில்லை. கண்ணாடித் துண்டு பிள்ளைகளின் கையை வெட்டும் என்று எமக்கு நாமே நியாயமும் சொல்லிக்கொண்டோம். மழுக்கிய விளிம்பு எப்படி வெட்டும்?

சில ஆண்டுகளின் பின்னர் செவாலின் கதையை நூலொன்றிற் படித்தபோது எமக்கு மாளிகை தெரியவில்லை. மூன்று பேணிகளே தெரிந்தன. அதனாலேயே எழுதுவதை ஒத்திப்போட்டு வந்தோம்.

வளையல் துண்டு என்றதும் சொல்லவேண்டிய மற்றொருவர் இந்தியாவில் இருந்தார். நேக் சந்த் என்பது அவர் பெயர். 1924 இற் பிறந்தவர். 1947 இல் நாடு பிரிந்தபோது அவருடைய கிராமம் பாகிஸ்தானுக்குட் போயிற்று. குடும்பம் ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்தது. அக்காலத்திற் பஞ்சாபுக்குப் புதிய தலைநகராகச் சண்டிகார் எழுந்துகொண்டிருந்தது. லெ கொர்புசியே என்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்த நகரம். நேர் வீதிகளும் சதுரப் பகுதிகளுமாக அளவுகோல் வைத்து அமைத்த நகரம். அதற்கு இடம்விட்டுப் பல கிராமங்கள் தரைமட்டமாயின. அங்கே வீதி ஓவசியராக வேலை பார்த்த நேக் சந்த், இடித்த வீடுகளின் சிதைவுகளைக் கண்டார். ஊரிழந்தவருக்கு இடிந்த ஊரின் ஓடும் கல்லும் குப்பையாகத் தோன்றவில்லை போலும். 1957 அளவில், நகரத்தின் ஓரத்தில் அரசாங்கக் காட்டுக்குள், எவரும் கட்டடம் எழுப்பக்கூடாதென்று ஒதுக்கிய நிலத்தில், சிறிதளவு இடத்தைத் துப்புரவாக்கி வேலையைத் தொடங்கினார். துவிச்சக்கர வண்டியிற் கல்லும் உடைசலும் ஏற்றி வந்தார். செவாலைப் போலவே பகலில் உத்தியோகம், இரவிற் சிற்பம்.

ஒரு வேறுபாடு உண்டு. செவால் கட்டியது சொந்த வளவில். ஊர் சிரித்ததோடு சரி. நேக் சந்த் கட்டியதோ அரசாங்கக் காணியில். பிடிபட்டால் உத்தியோகம் போகும். ஆகவே மனைவியும் ஓரிரு நம்பிக்கையான நண்பர்களும் தவிர எவருக்கும் தெரியாமற் பதினெட்டு ஆண்டு கட்டினார். சீமெந்தாற் செய்த உடலின்மேல் வளையல் துண்டும் பீங்கானும் பதித்த ஆண்களும் பெண்களும் நூற்றுக்கணக்கில். குரங்கும் மானும் பறவைகளும் கூட்டங் கூட்டமாக. 1970களின் நடுப்பகுதியில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது பன்னிரண்டு ஏக்கருக்குப் பரந்திருந்தது. ஓர் இராச்சியமே இருந்தது. குடிமக்கள் யாவரும் அசையாமல் நின்றனர்.

சட்டப்படி இடிக்கவேண்டும். இடித்தால் ஊர் என்ன சொல்லும்? அதிகாரிகள் மயங்கினர். ஊர் சிற்பியின் பக்கம் நின்றது. ஈற்றில், 1976 இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குற்றவாளியாக நிறுத்தப்பட வேண்டியவருக்கு அவ்வேலையையே உத்தியோகமாக்கிச் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்தார்கள். எந்த நாட்டு நிருவாகத்திலும் இதுபோன்ற தீர்ப்பை நாம் கேள்விப்பட்டதில்லை. 1983 இல் இந்திய தபாற்பகுதியும் அப்பூங்காவை முத்திரையில் அச்சிட்டது. மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது. ஆயினும் 1990 இல் வீதியமைக்கவென்று இடிக்கும் இயந்திரங்கள் மறுபடியும் வந்தன. நகரத்து மக்கள் கைகோத்து நின்று அவற்றைத் திருப்பி அனுப்பினர். அந்த மக்களில் எத்தனை பேர் கலையாராய்ச்சி படித்தவர்கள்? பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளிற் கூட்டிச் சென்றவர்கள், அவ்வளவுதான். நேக் சந்த் 2015 இற் தொண்ணூறாவது வயதிற் காலமானார்.

மூன்றாமவர் அமெரிக்காவிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாட்ஸ் என்ற ஏழைப் பகுதியில் வாழ்ந்த சைமன் றோடியா. இத்தாலியிற் பிறந்து இளவயதிலேயே கப்பலேறியவர், எழுத்தறிவு அற்பம், கூலிவேலையும் ஓடு பதிக்கும் வேலையும் செய்து பிழைத்தவர். 1921 இல் இரயிற் பாதையருகே முக்கோணமான ஒரு துண்டுக் காணியை வாங்கினார். அதிற் கோபுரங்கள் எழுப்பத் தொடங்கினார். இரும்புக் கம்பிகளை வளைப்பதற்கு அவரிடம் இயந்திரமில்லை. இரயிற் தண்டவாளத்தின் கீழ்ச் செருகி வளைத்தார். ஒட்டுவேலையில்லை, சுரையாணியில்லை; கம்பியோடு கம்பியைச் சேர்த்து, வலை சுற்றிச் சாந்து பூசினார். சாரமும் கட்டவில்லை. யன்னல் துடைப்பவர் அணியும் இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு, தாம் கட்டிய கம்பியிலேயே ஏறி மேலே கட்டினார். மிக உயர்ந்த கோபுரம் ஏறக்குறைய முப்பது மீற்றர். ஈரச் சாந்திற் பதித்தவை போத்தற் சில்லு, சிப்பி, உடைந்த ஓடு, பீங்கான். அயலிலுள்ள சிறுவர்கள் வீட்டில் உடைந்தவற்றைக் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்களாம். சில கோப்பைகள் அதற்கென்றே உடைந்திருக்கவும் கூடும். தாம் கட்டியதற்கு 'நமது ஊர்' என்று ஸ்பானிய மொழியிற் பெயரிட்டார்.

வியப்பு என்னவெனில், இவரும் முப்பத்து மூன்று ஆண்டு கட்டினார். 1954 இற் கருவிகளைக் கீழே வைத்தார். சிறிது காலத்திற் காணியை அயலவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். நகர நிருவாகம் கோபுரங்கள் ஆபத்தானவை, இடிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. காக்க முன்வந்தவர்கள் நீதியான ஒரு சோதனை கேட்டார்கள். பட் கோல்ட்ஸ்டன் என்னும் இளம் விமானப் பொறியியலாளர் சோதனை முறையை வகுத்தார். 1959 ஐப்பசி மாதம் பத்தாந் திகதி, ஊரே கூடிப் பார்க்க, கோபுரத்தின் பக்கவாட்டில் 10,000 இறாத்தல் விசை கொடுத்து இழுத்தார்கள். கோபுரம் நின்றது. இழுத்த கருவியின் உருக்கு உத்திரமே வளையத் தொடங்கிற்று! சோதனையை நிறுத்தினார்கள், கட்டளையையும் நிறுத்தினார்கள். 1990 இல் அது அமெரிக்க தேசத்தின் சரித்திரச் சின்னமாயிற்று. றோடியா 1965 வரை உயிரோடிருந்தார். தம் கோபுரங்களைப் பார்க்க மீண்டும் வரவில்லை.

இம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவரிடமும் பட்டமில்லை, படமில்லை, அனுமதிப் பத்திரமில்லை. மூவர் கட்டியதும் அழகு தானா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், செவாலின் மாளிகையில் எமக்கு ஒரு திணறல் தோன்றுகிறது. ஓர் அங்குலங்கூட வெறுமையாக விடமாட்டேன் என்று அடம்பிடித்த கை அது. நேக் சந்தின் மக்கள் கூட்டத்தை எமக்கு அதிகம் பிடிக்கிறது. வாசகர் கருத்து வேறாகவும் இருக்கலாம். இவ்விடயத்திற் தீர்ப்புச் சொல்லும் தகுதியை நாம் அந்த வெள்ளிக்கிழமையே இழந்துவிட்டோம்.

சென்ற கோடையில், ஊர்க் கோயிற் தேரன்று, அந்த மாணவனைக் கண்டோம். இப்போது அவன் மாணவனல்லன். நாலு வயதுப் பெண் குழந்தையொன்றைக் கையிற் பிடித்திருந்தான். கும்பிட்டுச் 'சுகமாக இருக்கிறியளோ சேர்' என்று கேட்டான். தொழில், குடும்பம் எல்லாம் விசாரித்தோம். தேர் வீதியின் வளைவிற் திரும்பிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமாக நெஞ்சிற் கிடந்ததை அப்போது கேட்டுவிட்டோம்: 'தம்பி, அந்தப் பேணிகளில் இருந்ததையெல்லாம் வைத்து என்ன செய்ய நினைத்திருந்தாய்?'

எந்தப் பேணி என்று அவன் கேட்கவில்லை. சிறிது வெட்கத்தோடு சிரித்தான்.

'ஒரு தேர், சேர்' என்றான்.

எவ்வளவு உயரம் என்று கேட்டோம். தன் மார்பளவுக்குக் கையை உயர்த்திக் காட்டினான். பின்னர், எட்டாம் வகுப்பில் தான் இருந்த உயரம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, கையைச் சற்றுக் கீழே இறக்கி, குழந்தையின் தலைக்குமேல் ஒரு சாண் அளவில் நிறுத்தினான்.